ஒரு நாள் முந்திய செவ்வந்தி

"24.10.2019, வியாழக்கிழமை. இந்தக் கட்டடத்தில் வாழும் அனைவருக்கும். வருகிற வியாழன், 31ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாங்கள் பேய்களாக வருவோம். உங்களுக்குப் பயம் இல்லாவிட்டால் கீழே உள்ள உறையிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து உங்கள் கதவில் ஒட்டுங்கள். ஒட்டாத கதவை நாங்கள் தட்டமாட்டோம். சத்தியம். இப்படிக்கு, ஆரணி, கவின். நான்காம் மாடி."

பாரிஸில் லா சப்பேல் பகுதியில் என் தங்கை வாசுகி குடியிருக்கும் கட்டடத்தில், தபால் பெட்டிகளுக்கு மேலே இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. பிரெஞ்சில் எழுதியவள் எட்டு வயது ஆரணி. ஓரங்களில் சிலந்தி வலை வரைந்தவன் ஐந்து வயது கவின். நான் அங்கே போய்ச் சேர்ந்தது 26ஆம் திகதி சனிக்கிழமை. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் ஆரணி என்னை அதன் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அன்றைய என் தினக்குறிப்பில் முதலில் இருப்பது அதுதான். உறையை எட்டிப் பார்த்தேன். செம்மஞ்சள் கடதாசியில் வெட்டிய பூசணிக்காய்கள் நிறைந்து கிடந்தன.

"ஒருத்தரும் எடுக்கேல்லை, பெரியம்மா" என்றாள்.

நான் கொழும்பிலிருந்து வந்தது ஹலோவீன் பார்க்க அல்ல. மழை நாளொன்றில் மெத்ரோப் படியில் வழுக்கி விழுந்து வாசுகியின் கால் பிளாஸ்டரில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. பிள்ளைகளுக்கு இலையுதிர் கால விடுமுறை, இரண்டு வாரம். அவள் கணவர் சிவநேசனுக்கு உணவகமொன்றின் குசினியில் வேலை. மதியத்துக்கு முன் போனால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருவார், திங்கள் மட்டும் ஓய்வு. நான்கு மாடி ஏறி இறங்க ஒரு ஆள் வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஓய்வு பெற்ற எனக்கு அது ஒரு வேலையாகவும், பார்க்காத நகரத்தைப் பார்க்க ஒரு சாட்டாகவும் அமைந்தது.

ஆரணியின் கவலை அன்று மாலையே எனக்கு விளங்கிவிட்டது. போன வருடம் அவளுடைய வகுப்புத் தோழி இனெஸின் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே கதவுக்குக் கதவு பூசணிக்காய், பேய் வேஷத்தில் தட்டும் பிள்ளைகளுக்குக் கை நிறைய இனிப்பு. இந்த வருடம் தன்னுடைய கட்டடத்துக்கு வரும்படி இனெஸையும் இன்னொரு தோழியையும் அழைத்துவிட்டாள். அழைத்த பிறகுதான் அறிவித்தல் எழுதியிருக்கிறாள். கதவு எதுவும் திறக்காவிட்டால் வந்தவர்களைப் படிக்கட்டில் நிறுத்திவைத்து என்ன காட்டுவது?

"அப்பிடியெண்டா வேண்டாமெண்டு சொல்லிவிடு" என்றாள் வாசுகி, காலைக் கதிரையில் நீட்டியபடி. "வேறை கட்டடங்களுக்கு இருட்டுக்கை ரோட்டு ரோட்டாக் கொண்டு திரிய ஆர் இருக்கினம்? பெரியம்மாவுக்கு இஞ்சை வழியும் தெரியாது, பாஷையும் தெரியாது."

ஆரணி பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பிள்ளைகளுக்குக் கோபமும் கெஞ்சலும் பிரெஞ்சில்தான் வரும். அவர்களோடு இருந்த நாட்களில் யாராவது எனக்கு மொழிபெயர்த்ததைத்தான் நான் இங்கே எழுத்துத் தமிழில் தருகிறேன். ஆரணி அப்போது சொன்னதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

27ஆம் திகதி ஞாயிறு, தீபாவளி. அன்று விடியற்காலையில்தான் பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாளும். தொலைபேசிகள் தாமாக மாறிவிட்டன. என் கைக்கடிகாரம் மாறவில்லை. நான் என் கடிகாரத்தை நம்பினேன். பிள்ளைகளுக்குப் புது உடுப்புப் போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனால், நடை திறக்கவில்லை. தெருவில் ஒரு சனமில்லை, கடைகளின் இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. மெத்ரோ பாலத்தின் கீழே காற்றில் வெடவெடத்துக்கொண்டு நின்றோம். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் கவின் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு என் கையைச் சுரண்டி, எல்லாரையும் பேய் சாப்பிட்டுவிட்டதா என்று கேட்டான். சாப்பிட்டிருந்தால் நல்லது என்பது போல இருந்தது அவன் முகம்.

திகதிகளில் கவனமான ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கு முதல் நாளே இந்த நாட்டின் நேரம் பிடிபடவில்லை என்பது மனதை அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. வாசுகி ஆறு நாளும் பாலும் பழமும்தான். வீட்டில் மச்ச மாமிசம் இல்லை, முட்டை இல்லை. அதோடு புதிதாக ஒரு சட்டம் வந்தது.

"பேய் பிசாசு ஒண்டும் விரத வீட்டுக்கை வரக்கூடாது. எலும்புக்கூட்டுப் படத்தை முருகனுக்கு முன்னாலை ஒட்டியிருக்கிறியள். கழட்டுங்கோ."

கவின் தன் எலும்புக்கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அன்று திங்கட்கிழமை, சிவநேசன் வீட்டில் இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனப்பா, சூரன் வரலாமோ? விரதமே அவனாலைதானே."

வாசுகி முருகன் படத்தைப் பார்த்தாள். "சூரனெண்டாப் பறவாயில்லை. சனிக்கிழமை செத்துப்போவான்."

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. சிவநேசன் யாழ்ப்பாணத்துச் சூரன் போரைப் பிள்ளைகளுக்கு ஆடியே காட்டினார். கதிரையைத் தோளில் தூக்கி, இதுதான் சூரன் என்று குசினிக்கும் அறைக்கும் நடுவில் சுழன்றார். ஒரு தலை போக யானைத் தலை, அது போகச் சிங்கத் தலை, பிறகு மாமரம், பிளந்தால் சேவலும் மயிலும். கவின் வாயைத் திறந்தபடி இருந்தான். ஒரே பேய்க்கு இத்தனை தலையா? அவனுடைய வகுப்பில் எல்லாரிடமும் ஒரே முகமூடிதான் இருக்கிறது. காலை உணவுப் பெட்டி மட்டையில் யானைத் தலை தயாரானது; தும்பிக்கைக்குப் பழைய காலுறை. வாசுகியின் மஞ்சள் கம்பளி நூல் சிங்கத்தின் பிடரி மயிரானது. மயில் தலைக்கு மட்டும் ஆரணி பொறுப்பு, அவளுக்குத்தான் நீலம் தீட்டத் தெரியும். ஆரணி சூனியக்காரியாக வருவதென்று முன்பே முடிவாகியிருந்தது. சூனியக்காரி பேய் இல்லை, மனிசிதான் என்று வாதாடி அதையும் வென்றுவிட்டாள்.

இந்தக் குதிப்புக்கு நடுவில் தரைக்குக் கீழிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. எல்லாரும் அசையாமல் நின்றோம்.

"மூண்டாம் மாடி மதாம்" என்றார் சிவநேசன் மெதுவாக, எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் அம்மாவைச் சொல்லி. "தும்புத்தடியாலை முகட்டை இடிக்கிறா."

கவின் யானைத் தலைக்குள்ளிருந்து, உண்மையான சூனியக்காரி அங்கேதான் இருக்கிறாள் என்றான்.

அன்றே பூசணிக்காய் வாங்க, தமிழ்க் கடைத் தெருவான ரூ பெர்தொனேக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் வெட்டிய துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார். முழுக்காய் ஒன்று கேட்டேன்.

"முழுசோ? கலியாண வீடோ, அக்கா?"

பிள்ளைகளுக்குக் கண் மூக்கு வெட்டி விளக்கு வைக்க என்றேன். அவர் காயை என் பக்கமிருந்து தன் பக்கம் நகர்த்தினார். "உங்காலை வெள்ளையளின்ரை கடையிலை அதுக்கெண்டே விக்கிறாங்கள். என்ரை பூசணி கறிக்கு." ஆனாலும் பின்னால் போய், ஒரு பக்கம் கொஞ்சம் அடிபட்ட காயொன்றைக் கொண்டுவந்து, அடிபட்ட இடத்தில் வாயை வெட்டுங்கோ என்று யோசனையும் சொல்லித் தந்தார். அப்படியே செய்தோம். நாங்கள் நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் தடவி வாசலில் போடுவது ஆகாததை விரட்ட. இங்கே அதே வேலையை அதை வரவழைக்கச் செய்கிறார்கள். உள்ளே சுரண்டிய சதையைச் சிவநேசன் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தார். அன்று பின்னேரம் பூசணிக்காய் ஜன்னலில் சிரித்துக்கொண்டிருந்தது, நாங்கள் அதன் உள்ளே இருந்ததைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தோம்.

செவ்வாய், 29. முகத்துக்குப் பூசும் வர்ணமும் கறுப்புத் துணியும் வாங்கச் சென் தெனிச் சந்தைக்குப் புறப்பட்டோம். 13ஆம் இலக்க மெத்ரோ நடுவழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சென் தெனிக்குப் போகும், மற்றது போகாது. நான் ஏறியது மற்றது. ஆரணி தன் நினைவில் ஆழ்ந்திருந்ததால் கவனிக்கவில்லை. தொழிலாளி உடையில் எதிரே இருந்த ஒருவர், யானைத் தலையோடு உட்கார்ந்திருந்த கவினிடம் எங்கே போகிறாய் என்று கேட்க, அவன் சந்தைக்கு என்று சொல்ல, அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, விரலால் காற்றில் ஒரு கவட்டை வரைந்து காட்டினார். இறங்கி, படியேறி, திரும்பி வந்து, மறுபடி ஏறினோம். வழி முழுக்க ஆரணி உதட்டைக் கடித்தபடி இருந்தாள். பிறகு, "பெரியம்மா, நாளண்டைக்கு நீங்கள்தானே எங்களைக் கூட்டிக்கொண்டு போறது?" என்றாள். நான் ஓம் என்றேன். அவள் மறுபடி உதட்டைக் கடித்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குப்பை போட, பாண் வாங்க, தபால் பார்க்க என்று ஏதாவது சொல்லிப் படியிறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவுகளைப் பார்த்தேன். புதன் காலை வரை, ஐந்தாம் மாடியில் குடியிருந்த ஒரு மாணவனுடைய கதவில் மட்டும் ஒரு பூசணிக்காய் இருந்தது. உறையில் வேறொன்றும் குறையவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இப்படிக் கேட்டு ஒட்டுவதெல்லாம் இல்லை. தீபாவளிக்கு ஒரு தட்டில் பலகாரம் போகும், நோன்புப் பெருநாளுக்கு அதே தட்டில் வட்டிலப்பம் வரும். முதலில் கொடுத்தால் கதவு திறக்கும். இதுதான் எனக்குத் தெரிந்த முறை. ஒவ்வொரு கதவுக்கும் கொஞ்சம் பயற்றம் பணியாரம் கொடுக்கலாமா என்று கேட்டேன். வாசுகி மறுத்தாள். முன்பின் பழகாத வீட்டுப் பலகாரத்தை இங்கே வாங்கிச் சாப்பிடமாட்டார்கள், ஒவ்வாமை என்று பயப்படுவார்கள். பிறகு, முருகனுக்கு வைக்கப் பூ இல்லை, செவ்வந்தி கிடைத்தால் ஒரு சாடி வாங்கி வாங்கோ என்றாள்.

பக்கத்து மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் நடந்தேன். பூக்கடை வாசலில் நடைபாதையை மறைத்துக்கொண்டு செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, ஊதா; ஒவ்வொரு சாடியும் குடை விரித்தது போல. கொழும்பில் மாலைக்கு இதழ் எண்ணி வாங்கும் பூ இங்கே குவிந்து கிடந்தது. சனங்கள் இரண்டு, மூன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதே எனக்கு அத்தாட்சியாகத் தெரிந்தது. பண்டிகைக் காலம், பண்டிகைப் பூ. வாசுகிக்கு ஒன்று எடுத்தேன். பிறகு கதவுகளை நினைத்தேன். கடைப் பையனின் உதவியோடு வாசுகியின் சந்தை வண்டியை நிரப்பி, இரண்டு தடவை நடந்து கொண்டுவந்து, கீழே சைக்கிள் வைக்கும் மூலையில் ஒளித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

வியாழன் விடிந்ததும், ஆரணியின் உறையிலிருந்த பூசணிக்காய்களைக் குச்சிகளில் குத்தி, ஒவ்வொரு சாடியிலும் நட்டு, ஒவ்வொரு கதவின் முன்னாலும் வைத்தேன். மேலே ஏறி வந்து தேநீர் ஊற்றிக் குடித்தேன். அந்த வாரத்தில் நான் நிம்மதியாகக் குடித்த ஒரே தேநீர் அது.

அரை மணி நேரம் கழித்து மணி அடித்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசப் பெண், கார்தியன் என்று எல்லாரும் சொல்வார்கள், ஒரு சாடியை இடுப்பில் இடுக்கியபடி நின்றாள். மிக வேகமாகப் பேசினாள். ஆரணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்டாள், கேட்கக் கேட்க முகம் வெளிறியது.

"பெரியம்மா, ஆர் செத்ததெண்டு கேக்கிறா."

வாசுகி ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, சாடியைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "ஐயோ அக்கா. எல்லாக் கதவுக்கும் வைச்சனீங்களோ?"

நான் தலையாட்டினேன்.

"சாமிக்கு நாங்கள் வைக்கிறது சரி. இவையளுக்கு இது சேமக்காலைப் பூ. நாளைக்குச் செத்த ஆக்களின்ரை திருநாள். கல்லறைக்குத்தான் இதைக் கொண்டு போவினம். உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஒருத்தரும் குடுக்கிறேல்லை."

பாரிஸைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். புரட்சியின் நாட்காட்டியில் மாதங்களுக்கு இருந்த பெயர்கள்கூடத் தெரியும். இது தெரியாது.

கார்தியன் தொடர்ந்தாள், ஆரணி ஒவ்வொன்றாகத் தமிழாக்கினாள். முதலாம் மாடிக்காரர் இது மிரட்டலா என்று கேட்டு அவளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். மூன்றாம் மாடி மதாம் கதவைத் திறந்து, காலடியில் இருந்த சாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருக்கிறாள். அவளுடைய கணவர் இந்த வசந்த காலத்தில்தான் இறந்தார். அந்த ஒரு வசனத்தை மட்டும் ஆரணி இரண்டு தடவை சொன்னாள், எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து.

பிறகு ஆரணி என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஒன்று சொன்னாள். வாசுகி மொழிபெயர்க்க மறுத்தாள். நான் மறுபடி கேட்டதும், "இனி ஒருத்தரும் திறக்கமாட்டினமாம்" என்றாள்.

சாடிகளை எடுக்க இறங்கினேன். இரண்டாம் மாடியில் சாடி இல்லை. திரும்பி ஏறும்போது பார்த்தேன், மூன்றாம் மாடியில் மஞ்சள் செவ்வந்தி அப்படியே இருந்தது, ஆரணியின் பூசணிக்காய் அதில் சிரித்துக்கொண்டு நின்றது. குனிந்தேன். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. என் நிழல் கதவடியில் விழுந்ததோ என்னவோ, அது நின்றுவிட்டது. எடுத்தாலும் பிழை, விட்டாலும் பிழை. விட்டுவிட்டு, சத்தம் கேட்காமல் மேலே ஏறினேன்.

மதியம் முழுவதும் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். கவின் ஒருவனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி முன்னால் தலைகளை மாற்றி மாற்றிப் போட்டு உறுமிக்கொண்டிருந்தான். யானை எப்படி உறுமும் என்று கேட்டதற்கு, இது சூரன் யானை என்றான். தோழிகளை வரவேண்டாம் என்று சொல்லும்படி வாசுகி மகளிடம் கேட்டாள். ஆரணி மறுத்துவிட்டாள். "கூப்பிட்டா கூப்பிட்டதுதான்." அதை அவள் தமிழில் சொன்னது எனக்கு ஆச்சரியம்.

ஆறு மணிக்கு இனெஸ் எலும்புக்கூடாகவும், மற்றவள் வெள்ளைத் துணிக்குள்ளும் வந்தார்கள். எலும்புக்கூடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் வாசுகி கதிரையை வெளியே போட்டுப் படிக்கட்டு முகப்பில் உட்கார்ந்துகொண்டாள். பிளாஸ்டர் காலுக்கு ஆரணி சிலந்தி ஒட்டியிருந்தாள். புறப்படும்போது வாசுகி இனிப்புப் பைகளைக் காட்டிக் கடைசிச் சட்டத்தைச் சொன்னாள். "இஞ்சத்தை இனிப்பிலை ஜெலட்டின் கிடக்கும், அது மிருக எலும்பிலை செய்யிறது. விரதம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் வாயிலை வைக்கக்கூடாது. சூரன் செத்தாப்பிறகுதான்."

கவின் தன் பையையும் தன் யானைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். தான் சாகும் வரை தனக்கு இனிப்பு இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் மாடியில் தொடங்கினோம். மாணவனின் கதவைக் கண்டதும் பிள்ளைகள் கிரீச்சிட்டார்கள். என் செவ்வந்திக்குப் பின்னால் மட்டையில் ஒரு கல்லறைக் கல் செய்து, அதில் தன் பெயரையே எழுதி வைத்திருந்தான். மணியை அடித்ததும் அவன் தரையில் படுத்தபடி கதவைத் திறந்தான். கவின் ஒரு படி பின்னால் போய், பிறகு தும்பிக்கையால் அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். இந்தப் பூவை வைத்த மேதை யார் என்று மாணவன் கேட்டான். ஆரணி என்னைக் காட்டினாள். காலையிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து மூன்றாம் மாடி. சாடியைக் காணவில்லை. கதவில் பூசணிக்காயும் இல்லை. ஆரணி உதட்டில் விரலை வைத்தாள். நால்வரும் நுனிக்காலில் கடந்தார்கள். பாதியில் கவின் நின்றான். ஒட்டாத கதவைத் தட்டுவதில்லை என்று சத்தியம் செய்தது அவனும்தானே, அதை வீட்டுக்காரரும் அறிந்திருக்கவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, கதவைப் பார்த்து உரத்த குரலில் சொன்னான்: "நாங்கள் தட்டவில்லை!"

கதவு திறந்தது.

மதாம் நான் நினைத்ததைவிடச் சிறிய மனிசி. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. பின்னால் மண்டபத்தில் ஒரே ஒரு விளக்கு. சூனியக்காரியையும் எலும்புக்கூட்டையும் வெள்ளைத் துணியையும் தாண்டி, யானைத் தலையில் அவள் பார்வை நின்றது. நீ யார் என்று கேட்டாள்.

கவின் பதில் சொன்னான். ஆரணி பிறகு எனக்கு அதைத் திருப்பிச் சொன்னாள்: "நான் சூரன். சனிக்கிழமை சாவேன். பிறகு மயிலாகிவிடுவேன்."

மதாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கவினுக்கு நேரம் தெரியவில்லை. பின்னேரம் என்றான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு திறந்தபடி கிடந்தது. எதுவும் ஆயத்தம் செய்து வைக்கவில்லை என்பது தெரிந்தது. கிண்ணமொன்றில் தோடம்பழம் போன்ற, சிறிய ஆரஞ்சு வகையான கிளெமாந்தீன் பழங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே வைத்தாள். கவினுக்கு இரண்டு. அவனுக்கு இரண்டு தலை என்று நினைத்திருக்கலாம்; சிங்கத் தலை அவன் முதுகில் தொங்கியது.

பிறகு ஆரணியிடம், என்னைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் ஏதோ சொன்னாள். கதவு மூடிற்று.

"என்னவாம்?" என்றேன்.

"பூ ஒரு நாள் முந்திப்போச்சாம். அது நாளைக்குத்தானாம். பெரியம்மாட்டைச் சொல்லட்டாம்."

இரண்டாம் மாடியில் மாலி நாட்டுக் குடும்பம். குச்சியிலிருந்த பூசணிக்காயை எடுத்துக் கதவில் ஒட்டியிருந்தார்கள், வெல்லப்பாகில் உருட்டிய நிலக்கடலை தந்தார்கள். முதலாம் மாடி இருட்டு. கீழே கார்தியன் வீட்டில் சொக்கலேட். எண்ணிப் பார்த்தால் திறந்த கதவுகள் கொஞ்சம்தான். ஆனால் இனெஸ் போகும்போது, தன் கட்டடத்தில் உண்மையான கல்லறைப் பூ வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை என்றாளாம். ஆரணி இதை என்னிடம் பெருமையோடு சொன்னாள். பிறகு படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் பைகளைத் தரையில் கவிழ்த்து, கிளெமாந்தீனில் ஜெலட்டின் இல்லை என்று கவின் கண்டுபிடித்தான். அம்மாவின் முன்னாலேயே இரண்டையும் உரித்துச் சாப்பிட்டான். சூரனுக்குக் கிடைத்த விரதச் சாப்பாடு.

நவம்பர் 1, வெள்ளி. காலையிலிருந்து மழை. செவ்வந்தியோடு சனங்கள் மெத்ரோப் படி ஏறுவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். பத்து மணி அளவில் மூன்றாம் மாடி மதாம் கறுப்புக் கோட்டோடு தெருவில் இறங்கினாள். கையில் பெரிய துணிப்பை. அதிலிருந்து மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. அதற்குள் பாலத்தின் மேல் ரயில் வந்து மறைத்தது. ரயில் போன பிறகு அவளைக் காணவில்லை. கார்தியனிடம் ஆரணியை விட்டுக் கேட்டேன். கணவரின் கல்லறை ஊருக்கு வெளியே என்றும், பையில் சாடி இருந்தது என்றும் சொன்னாள். ஆனால் மஞ்சள் செவ்வந்தியை இன்று பாரிஸில் எல்லாரும்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், அவள் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம் என்றாள். அந்தக் குச்சியும் பூசணிக்காயும் இருந்ததா? கார்தியன் கவனிக்கவில்லையாம்.

அன்று பின்னேரம் பாண் வாங்கப் போகும்போது மூன்றாம் மாடியில் நின்றுவிட்டேன். கதவின் நடுவில், ஒட்டுநாடாவில், ஆரணியின் பூசணிக்காய். மழையில் நனைந்து காய்ந்தது போல ஓரங்கள் சுருண்டிருந்தன. என் பூ ஒரு நாள் முந்தி வந்தது, மதாமின் பூசணிக்காய் ஒரு நாள் பிந்தி வந்தது.

சனிக்கிழமை கோயிலில் சூரன் போர். ஹலோவீனுக்குக் கொஞ்சமும் பயப்படாத கவின், சூரனின் யானைத் தலை முன்னால் வந்து ஆடியபோது அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று மட்டும் சிவநேசன் லீவு எடுத்திருந்தார். வேல் பட்டுத் தலை விழுந்ததும் நிமிர்ந்து, "செத்திட்டானோ?" என்றான். செத்துவிட்டான் என்றோம். "அப்ப இனிப்பு?" என்றான்.

"நாளைக்குப் பாறணை முடியட்டும்" என்றாள் வாசுகி. பசியில் அவளுக்கே குரல் வரவில்லை.

ஞாயிறு, நவம்பர் 3. வாசுகி விரதம் முடித்துச் சோறு சாப்பிட்டாள். பைகள் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கின. ஒரு கை நிறைய இனிப்பை வாயில் திணித்துக்கொண்டு கவின் மயில் தலையைக் கேட்டான். எதற்கு என்றோம். மூன்றாம் மாடிக் கதவில் பூசணிக்காய் இருக்கிறது, ஒட்டிய கதவைத் தட்டலாம், அறிவித்தலில் அப்படித்தான் இருக்கிறது என்றான். ஹலோவீன் முடிந்துவிட்டதே என்றதற்கு, தான் இப்போது பேயில்லை, மயில் என்றான். ஆரணி அவனோடு போனாள். வாசுகி கிண்ணமொன்றில் பாறணைச் சக்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். இங்கே யாரும் வாங்கிச் சாப்பிடமாட்டார்கள் என்று முன்பு சொன்னவள் அவள்தான்.

நான் நான்காம் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றேன். தட்டும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் வெளிச்சம் விழுந்தது. செருப்புச் சத்தம், கவினின் கூவல், அது மயில் கூவலாம், பிறகு கதவு சாத்தப்படாமல் அவர்கள் உள்ளே போன சத்தம்.

திரும்பி வந்தபோது கிண்ணம் வெறுமையாக இருந்தது. மஞ்சள் பூச்சாடி உள்ளே இருந்ததா என்று கேட்டேன். இருந்தது, குசினி ஜன்னலில், நான் தொட்டுப் பார்த்தேன் என்றான் கவின். இல்லவே இல்லை, ஜன்னலில் இருந்தது துளசி மாதிரி ஒரு செடி, நான்தான் பக்கத்தில் நின்றேன் என்றாள் ஆரணி. இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்கள். இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். புறப்படும் நாள் வரை நான் மூன்றாம் மாடியைப் பல தடவை கடந்திருக்கிறேன், தட்டிக் கேட்கவில்லை. ஆகவே அந்தச் சாடி ஊருக்கு வெளியே ஒரு கல்லறையில் வைக்கப்பட்டதா, மதாமின் குசினியில் இருந்ததா என்பது, இதை எழுதும் இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.